ஓலைக் குடிலில் மூன்று இரவு: நெல்லைக் கடற்கரையில் தங்க வருகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

உவரி பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் பனை விளைக்குள் (தோப்புக்குள்) நான்கு ஓலைக் குடில்கள் இருக்கின்றன. ஏசி கிடையாது. குழாயைத் திருகினால் கொட்டுகிற தண்ணீரும் கிடையாது. இது தெரிந்துதான் எல்லோரும் வருகிறார்கள். ஆனாலும் பலர் முதல் இரவு தூங்குவதில்லை. மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். சும்மா இருப்பதற்கும் முன்வேலை உண்டு என்பது அவர்களைப் பார்த்துப் பார்த்து நான் கற்றது. அந்த வேலையை முதல் நாள் மாலைக்குள் முடித்துவிட்டால் மீதி நாட்களில் செய்வதற்கு எதுவும் இராது. எங்கள் குடில் என்றில்லை, இந்தக் கரையில் எங்கே ஓலைக்கூரையின் கீழ் தங்கினாலும் இந்த வரிசை பொருந்தும்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விடுமுறை எப்போது கிடைக்கிறதோ அப்போது கிளம்பிவிடுவது முதல் பிழை. இந்தக் கரையில் சுகத்தையும் அவதியையும் தீர்மானிப்பது காற்று.

தை, மாசி, பங்குனி மூன்றும் நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், பின்னிரவில் ஒரு போர்வை தேவைப்படும். சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் நுங்கும் பதநீரும் அப்போதுதான் தாராளம். பகலில் வெளியே தலைகாட்டாமல் இருக்கத் தெரிந்தவர்கள் துணிந்து வரலாம்.

ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே தென்மேற்குக் காற்று இங்கே தேரி எனும் செம்மணலை வாரிக்கொண்டு வரும். சோற்றில் மணல், கண்ணில் மணல், கொசுவலைக்குள்ளும் மணல். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கொடியில் காயப்போட்ட துண்டு அடுத்த விளைக்குப் போய்விடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. நன்றாக வேய்ந்த ஓலை ஒழுகாது. ஆனால் துணி காயாது, பாயில் பூஞ்சணம் பிடிக்கும்.

மாதம் முடிவானதும் திருவிழாக்களைப் பாருங்கள். குலசேகரப்பட்டினம் தசரா நாட்களிலும், திருச்செந்தூரில் சூரசம்ஹாரம், வைகாசி விசாகம் சமயத்திலும் இந்தப் பக்கத்துப் பஸ்களில் கால் வைக்க இடம் இராது. உவரி அந்தோணியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் வரும். அமைதியைத் தேடி வருகிறவர்கள் புதன்கிழமை வந்து சனிக்கிழமை கிளம்புவதே நல்லது.

2. முன்பணம் அனுப்புவதற்கு முன் கேளுங்கள்

“கடல் தெரியுமா?” என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. கடல் தெரியும், அது எங்கேயும் போய்விடாது. கேட்க வேண்டியவை வேறு.

குடிநீர் எங்கிருந்து வருகிறது? கிணற்று நீரையே குடிக்கிறார்களா, வெளியிலிருந்து கொண்டு வருகிறார்களா? கழிப்பறை குடிலோடு சேர்ந்ததா, தனியாகவா, தனி என்றால் எத்தனை அடி நடக்க வேண்டும்? மின்சாரம் மின்வாரிய இணைப்பா, சூரிய மின்தகடா? கட்டில் நார்க் கட்டிலா, பலகையா? முதுகுவலிக்காரர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

வயதான அம்மாவையோ கைக்குழந்தையையோ அழைத்து வருவதாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். “அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று வந்த ஒரு குடும்பத்தின் பாட்டியம்மா, இரவில் மணலில் நடந்து கழிப்பறைக்குப் போக முடியாமல் மூன்று நாளும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். முன்பே தெரிந்திருந்தால் அருகிலிருந்த குடிலை ஒதுக்கி, வழியில் பலகை போட்டிருப்பேன்.

3. பையில் வைக்க வேண்டியவை

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். மணலில் சக்கரம் சுற்றாது. நீங்கள்தான் அதைத் தலையில் சுமக்க வேண்டும். தோளில் மாட்டுகிற பை போதும்.

பருத்தித் துணி, இரண்டு சாரம் (லுங்கி) அல்லது நைட்டி, இரண்டு துண்டு. கடலுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று. உப்பு ஏறிய துண்டு இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு லேசில் காயாது. அதனால் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு டார்ச், அதன் முகப்பில் ஒட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு (காரணம் பத்தாம் பகுதியில்). தினமும் சாப்பிடுகிற மருந்துகளை நாள் கணக்குக்கு மேல் இரண்டு நாளைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்குத் திசையன்விளைக்குத்தான் போக வேண்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் வேண்டும். பதநீர் விற்கிற பெரியவரிடம் ஐந்நூறை நீட்டினால் அவர் பாவம் எங்கே போவார்?

கொசுவத்திச் சுருள், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காய்ந்த பனை ஓலைக்கு ஒரு பொறி போதும். ஒரு விருந்தாளி கட்டிலுக்கடியில் கொளுத்தி வைத்த சுருள், தொங்கிக்கொண்டிருந்த பாயின் ஓரத்தைப் பற்றி ஒரு முழம் தின்றிருந்தது. யாரோ தண்ணீர் குடிக்க எழுந்ததால் தப்பித்தோம்.

4. வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மாலை நான்கு மணிக்குள் குடிலில் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு கிளம்புகிற ரயில்கள் காலையில் திருநெல்வேலியில் விடும். அவைதான் உங்களுக்கு ஏற்றவை. பிற்பகலில் சென்னையில் கிளம்பும் வந்தே பாரத் வேகமானதுதான். ஆனால் அதில் வந்து இறங்கும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கரைக்கு வருவது வீண் அலைச்சல். அதில்தான் வருவேன் என்றால் அன்றிரவு திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்படுங்கள்.

ரயில் நிலையம் ஜங்ஷனில் இருக்கிறது; வெளியூர்ப் பஸ்கள் கிளம்பும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதாக எண்ணி நடக்கத் தொடங்கியவர்கள் உண்டு. அங்கிருந்து திசையன்விளை வந்து, இன்னொரு பஸ் மாறிக் கரைக்கு வர வேண்டும். நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் வள்ளியூரில் இறங்கினால் சுற்று மிச்சம். திசையன்விளையில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் பெட்டிக்கடைதான்.

வெளிச்சத்தில் வரச் சொல்வதற்குக் காரணம், பனங்காட்டில் இருட்டிய பிறகு எல்லா மரமும் ஒரே மரம் என்பதுதான். கிணறு எங்கே, முள்வேலி எங்கே, கழிப்பறைக்குப் பாதை எங்கே என்பதைப் பகலில் ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு இரவில் பயம் இராது. பார்க்காதவருக்கு ஓலை சலசலப்பதுகூடப் பாம்பாகத்தான் கேட்கும்.

5. பையைப் பிரிப்பதற்கு முன் ஒரு மணி நேரம்

வந்ததும் கடலுக்கு ஓடாதீர்கள். இந்த ஒரு மணி நேரத்தில்தான் முதல் இரவின் தூக்கம் முடிவாகிறது.

முதலில் கட்டில். நார்க் கட்டிலின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ஒரு சாண் இறங்கினால் தொய்ந்திருக்கிறது என்று பொருள்; அதில் படுத்தால் காலையில் முதுகு வில்லாக வளைந்திருக்கும். கால்மாட்டில் உள்ள கயிற்றை அவிழ்த்து, ஒருவர் சட்டத்தில் காலை ஊன்றிப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு சுற்றாக இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கிய நாரைச் சுண்டினால் தம்பூராத் தந்திபோல லேசாக ஒலிக்கும். அதுதான் பதம். உங்களால் முடியாவிட்டால் இடத்துக்காரரிடம் சொல்லுங்கள். இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து கொசுவலை. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே வலையை இறக்கி, நான்கு ஓரத்தையும் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். இருட்டிய பிறகு செருகினால் கொசுவை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்.

பிறகு பையையும் துணியையும் தரையில் வைக்காமல் கொடியிலோ ஆணியிலோ மாட்டுங்கள். ஓலைக்கூரை உள்ள இடத்தில் பூரானும் தேளும் விருந்தாளிகள் அல்ல, குடியிருப்பவர்கள். அவை தேடுவது இருட்டும் மடிப்பும். செருப்பைத் தட்டிப் போடுவது, துணியை உதறி உடுத்துவது ஆகிய இரண்டையும் முதல் நாளே வழக்கமாக்கிக்கொண்டால் பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை.

கடைசியாகக் கழிப்பறைக்கு ஒரு தடவை நடந்து போய்த் திரும்புங்கள். எத்தனை அடி, எங்கே வேர் தடுக்குகிறது என்பதைப் பாதத்துக்குத் தெரியப்படுத்துங்கள். இப்போது கடலுக்குப் போகலாம்.

6. தண்ணீரைக் கோரிக் குளியுங்கள்

“மோட்டார் வைத்து ஷவர் போட்டால் என்ன, அண்ணாச்சி?” என்று கேட்காத விருந்தாளி இல்லை. பதில் கிணற்றுக்குள் இருக்கிறது.

கடலோர மணலுக்கடியில் மழைநீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் நீர் கனமானது என்பதால் கீழே தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறப் பார்க்கும். மோட்டாரால் வேகமாக உறிஞ்சும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்புபோல மேலெழும். வாளியால் கோரும்போது கிணறு ஊறிச் சமாளித்துக்கொள்கிறது. ஒருமுறை உப்பேறிய கிணறு தேறுவதற்கு நல்ல மழைக்காலம் வந்தாக வேண்டும்.

ஆகவே ஒரு குளியலுக்கு இரண்டு வாளி. கடலில் குளித்துவிட்டு வந்தால் முதலில் கரையிலேயே மணலை உதறி, வாசல் தொட்டியில் காலைக் கழுவி, அதன் பிறகு கிணற்றடிக்கு வாருங்கள். மணலோடு வந்து ஊற்றிக்கொள்கிறவருக்கு நான்கு வாளி ஆனாலும் பற்றாது. சோப்பு நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் தேய்க்காதீர்கள். சற்றே உவர்ப்புள்ள நீரில் அது நுரைக்காது. பயற்றமாவு இந்தக் கிணற்றுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. குளித்த நீர் வாழைக்குப் போகிறது என்பதால் எனக்கும் அதுதான் விருப்பம்.

7. கழிப்பறையில் சாம்பல்

இங்கே உலர் கழிப்பறை. நிலத்தடி நீர் இவ்வளவு மேலே நிற்கிற இடத்தில் குழி தோண்டிக் கழிப்பறை கட்டினால் அந்தக் குழியும் கிணறும் பேசிக்கொள்ளும். அதனால்தான் தரைக்கு மேல் தொட்டி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காரியம் முடிந்ததும் ஒரு சிரட்டை (கொட்டாங்குச்சி) சாம்பலைப் பின்துளையில் தூவி மூடியைப் போடுங்கள். கழுவுவதற்கு அருகில் தனி இடம் இருக்கிறது. அங்கே நகர்ந்து கழுவுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு, பழக்க தோஷத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் துளைக்குள் ஊற்றிவிடுவது. ஈரம் பட்டால் நாற்றமும் ஈயும் வரும். சாம்பல் மட்டும் பட்டால் வராது. தெரியாமல் ஊற்றிவிட்டால் வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள். கூடுதலாக ஒரு கூடைச் சாம்பலைக் கொட்டினால் சரியாகிவிடும். சொல்லாமல் போனால் அடுத்த நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

8. சாப்பாட்டை முந்தின நாளே சொல்லுங்கள்

ஃபிரிட்ஜ் இல்லாத அடுப்படி இது. இத்தனை பேர், சைவமா அசைவமா என்று முந்தின நாள் மாலை சொன்னால் அளவாக வாங்கிச் சமைப்பார்கள். சைவக்காரர்கள் ஒரு நாளைக்குச் சொதி கேளுங்கள். தேங்காய்ப்பாலில் கொதிக்கிற இந்தக் குழம்பைக் கல்யாண மறுவீட்டில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கடற்காற்றில் வேறு ருசி தெரியும்.

மீன் வேண்டுமானால் காலையில் கரைக்கு நீங்களே போய்ப் பாருங்கள். விடியுமுன் போன வள்ளங்கள் திரும்பி வந்ததும் மணலிலேயே ஏலம் நடக்கும். அதில் விருந்தாளிகள் குரல் கொடுக்கக் கூடாது. அது வியாபாரிகளின் பிழைப்பு. விளையாட்டாகச் சொன்ன விலை நிஜமாகவே ஏறிவிடும். ஏலம் எடுத்த பெண்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கூறு வைத்து விற்பார்கள்; அவர்களிடம் வாங்குங்கள். வஞ்சிரம் என்று கேட்டால் சிரிப்பார்கள், இங்கே அது நெய்மீன். சாளை (மத்தி) கிடைத்தால் வேறெதையும் தேடாதீர்கள்.

கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று மீன் இல்லை என்று முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் தடை, வள்ளங்கள் போகும். ஆனால் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும்.

கரையில் விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். ஒரு கண்ணி அறுந்தால் அதைக் கோக்க ஒருவர் வெயிலில் உட்கார வேண்டும். படகின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதற்கும், ஏலத்தில் இருக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதற்கும் அதே விதி. உங்களுக்கு அது கடற்கரை. அவர்களுக்கு வேலை செய்யும் இடம்.

9. கடலில் இறங்குவதற்கு முன்

ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள். அலை உடைகிற வரிசையின் நடுவே, அலையே உடையாமல், நிறம் சற்றுக் கறுத்து அமைதியாகத் தெரிகிற ஒரு சந்து இருக்கும். புதியவர்கள் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகிற வழி அது. ஆளையும் கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு திரும்புங்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் இப்படிப்பட்ட இழுப்பு இருக்கும். பாசி பிடித்த அந்தக் கற்களில் ஏறவே வேண்டாம்.

காற்றே இல்லாத நாளில் திடீரென அலை பொங்கினால் அது கள்ளக்கடல். தெற்கே வெகு தொலைவில் எழுந்த புயலின் அலை, இங்கே எந்த அறிகுறியும் காட்டாமல் கள்ளனைப் போல வந்து சேர்வதால் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கை உள்ள நாளில் கால் நனைக்கவும் போகாதீர்கள்.

சொறிமீன் பட்டால் கடல் நீராலேயே கழுவுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் தோலில் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் மேலும் வெடிக்கும். மூச்சுத் திணறினால் வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் வண்டியைப் பிடியுங்கள்.

காலை ஒன்பதரைக்குள் கரையை விட்டு ஏறிவிடுவது நல்லது. இந்த மணலில் கரும்பட்டை பட்டையாக இல்மனைட் தாது கலந்திருக்கிறது. உச்சி வெயிலில் அந்தக் கறுப்பு மணல் வெறுங்காலைப் பொரித்துவிடும்.

10. பகலும் இரவும்

பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை படுங்கள். இதற்கு மேல் அந்தப் பகுதிக்கு விளக்கம் இல்லை. கைபேசிக்குச் சார்ஜ் போடுவதாக இருந்தால் இந்த நேரத்தில் போடுங்கள். அப்போது சூரிய மின்தகட்டிலிருந்து மின்சாரம் நேரே வரும். இரவில் எல்லோரும் செருகினால் பேட்டரி வடிந்து நடுச்சாமத்தில் மின்விசிறி நின்றுவிடும்.

பதநீர் பங்குனி முதல் ஆடி வரை கிடைக்கும். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். காலையில் மரத்திலிருந்து இறக்கியதும், ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைப் போட்டுக் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் மூன்று பட்டை குடித்துவிட்டு அன்று முழுவதும் சாம்பலைக் காலி செய்தவர்கள் உண்டு. ஒன்று போதும். பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துப் பைக்குள் வைக்காதீர்கள். வெயில் ஏற ஏறப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு துணியெல்லாம் நனைத்துவிடும்.

இரவில் கரைப் பக்கம் வெள்ளை விளக்கு வேண்டாம். தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி, மணலில் குழி பறித்து ஏறக்குறைய நூறு முட்டை இடும். ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சம் எங்கே அதிகமோ அதுதான் கடல் என்று எண்ணி அவை நடக்கும். நம் விளக்கு எரிந்தால் பனங்காட்டுக்குள் வந்து காகத்துக்கு இரையாகும். டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டச் சொன்னது இதற்குத்தான். ஆமையைக் கண்டால் அசையாமல் நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. இடத்துக்காரரை எழுப்பினால் அவர் வனத்துறைக்குச் சொல்வார்.

11. கிளம்பும் காலை

குப்பையை உங்கள் பையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். இங்கே குப்பை வண்டி வருவதில்லை. நீங்கள் விட்டுப்போகும் சிப்ஸ் உறையை நான் எரிக்க வேண்டும் அல்லது காற்று கடலுக்குக் கொண்டு போகும்.

கருப்பட்டி வாங்குவதாக இருந்தால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். சீனி கலந்தது உள்ளே பளபளக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. அவர்கள் மங்கலாக இருப்பதைத்தான் எடுப்பார்கள். ஈரத்தை இழுத்துக் கசியும் பண்டம் அது. பாலிதீன் பையில் கட்டாமல் ஓலைப்பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொசுவலையை மடித்து வையுங்கள், பாயை உதறிச் சுருட்டுங்கள், சாரத்தைக் கொடியிலிருந்து எடுங்கள். கடைசியாகச் சுவரில் செருகியிருக்கும் சார்ஜரைப் பாருங்கள். இதுவரை விட்டுப்போனவை பதினோரு சார்ஜர்கள். அடுப்படியில் ஒரு ஓலைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுடையது இருந்தால் அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.